ஸ்கூட்டியை வித்துப்போட்டு சைக்கிளோடையே இருக்கலாமோ?

இணுவில்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நான் இணுவிலில இருந்து யாழ்ப்பாணம் ரவுணுக்கு வேலைக்குப் போய்வாறனான். ஒரு பக்கம் ஏழு கிலோமீற்றர் வரும். 2022 ஆனிக் கடைசியில பெற்றோல் 470 ரூபாக்கு ஏறி, அந்த விலைக்கும் கிடைக்காமப் போன நேரம் இவர் ரெண்டு இரவு பெற்றோல் செற்றடியில கிடந்திட்டு வெறுங்கையோட வந்தார். அண்டைக்குத்தான் பின்பத்தியில கிடந்த அம்மாவின்ர லேடீஸ் சைக்கிளை வெளியில இழுத்தன். ரெண்டு ரயரும் மாத்தி, கிறீஸ் போட்டு ஓடத் தொடங்கினது. ஆடியில எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்து கிழமைக்கு நாலு லீற்றர் தந்தவை. அதுக்குப் பிறகும் சைக்கிளை விட மனம் வரேல்லை.

முதல் மாசம் அழுதிருக்கிறன். உங்களுக்குத் தெரியும்தானே, சோளகக் காத்து முகத்தில அடிக்க அடிக்க ரவுண் பக்கம் உழக்கிறதெண்டால் என்னெண்டு. ஆனா பின்னேரம் வீட்டை வரேக்க அதே காத்து முதுகில பிடிச்சுத் தள்ளிவிடும். இப்ப 35 நிமிசம். ஆடியெண்டாலும் தையெண்டாலும் ஒரு அஞ்சு நிமிசம்தான் கூடிக் குறையும். பெரிய வீதியில பஸ்ஸுக்குப் பயந்து கோண்டாவில் ஒழுங்கையளுக்குள்ளால விழுந்து, திருநெல்வேலி, நல்லூர் எண்டு போவன். ஆற்றை வீட்டில செவ்விளநி காய்ச்சிருக்கு, ஆர் வேலி அடைக்கினம் எண்டது முதல் எல்லாம் தெரியும். ஸ்கூட்டியில போன ஆறு வருசத்தில இதொண்டும் என்ர கண்ணில படேல்லை.

ஸ்கூட்டி பற்றறி செத்து நிக்குது. திருத்திறதோ, வித்துப்போடுறதோ எண்டு வீட்டில கதை. விக்கத்தான் எனக்கு விருப்பம். ஆனா மூண்டு பிரச்சினை இருக்கு. இந்த மாசம் மட்டும் பின்சில்லு மூண்டு தரம் காத்துப் போயிட்டுது. முழங்கால் முன்பக்கம் நோகுது. மழைக்குள்ள பிறேக் பிடிக்குதில்லை. அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

கிறீஸ்கை:

தங்கச்சி, அப்பாவின்ர சைக்கிள் கடையில வளந்தனான் நான். ஒட்டுப் போட முதல் ஓட்டை எந்தப் பக்கம் எண்டு பாக்கவேணும். ரியூப்பின்ர வெளிப்பக்கம் எண்டால் முள். நெருஞ்சி முள்ளின்ர நுனி ரயருக்குள்ள முறிஞ்சு நிண்டால் வெளியில தெரியாது. பழந்துணி ஒண்டை உள்ளுக்கு விட்டுச் சுத்தித் துடையுங்கோ, மாட்டுப்படும். ரெண்டு ஓட்டை பக்கத்தில பக்கத்தில எண்டால் காத்துக் குறைவா ஓடிப் பள்ளத்தில இடிச்சிருக்கு. உள்பக்கம், றிம்மைப் பாத்த பக்கம் எண்டால் கம்பித் தலை குத்துது. உள்ளுக்குச் சுத்தியிருக்கிற நாடா இத்துப்போயிருக்கும்.

முழங்காலுக்குக் காரணம் அனேகமா சீற் பதிவு. ரெண்டு காலும் நிலத்தில ஊண்டவேணும் எண்டு பதிச்சு வச்சிருப்பியள். பெடல் கீழ வந்து நிக்கேக்க குதிக்காலை அதில வையுங்கோ, கால் நிமிந்து நிக்கவேணும். பிறகு முன்பாதத்தால உழக்கேக்க சாதுவா மடியும், அதுதான் அளவு. ஒரேயடியா உயத்தாதேங்கோ. கிழமைக்கு ஒரு விரலளவு உயத்தினால் போதும். நிப்பாட்டேக்க சீற்றை விட்டு இறங்கி ஊண்டப் பழகவேணும்.

அம்மாவின்ர சைக்கிள் எண்டபடியா அது பழைய நிக்கல் றிம்மா இருக்கும். ஈரத்தில அது பிடிக்காது, அதுதான் அதின்ர குணம். நிப்பாட்டவேண்டிய இடத்துக்கு நல்லா முன்னமே மெதுவாத் தொட்டுத் தொட்டுத் தண்ணியைத் துடைச்சிட்டு, பிறகு அமத்துங்கோ. புது அலுமினியம் றிம் போட்டால் வித்தியாசம் தெரியும். காசு கையில இருந்தால் முன்சில்லுக்கு முதல் போடுங்கோ.

செம்மணி வெளி:

பிள்ளை, எனக்கு இப்ப 67 வயசு. 90ஆம் ஆண்டு பொருளாதாரத் தடை வந்த நேரம் எனக்குச் சைக்கிள்தான் எல்லாம். விறகு, நெல்லு மூட்டை, காய்ச்சல்காரரை ஆசுப்பத்திரிக்கு ஏத்துறது, எல்லாம் கரியரில. கரண்ட் இல்லை. இரவில ஸ்ராண்டைப் போட்டுப் பின்சில்லைக் கையால சுத்தி, டைனமோவில றேடியோ போட்டு பீபீசி தமிழோசை கேட்டம். சுத்துறவர் களைச்சால் செய்தியும் களைக்கும். 95 ஐப்பசி 30, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அந்த இரவு, கரியரில அம்மாவை இருத்தி, ஹாண்டிலில ரெண்டு பை கொழுவி, செம்மணியால நாவற்குழிக்குத் தள்ளிக்கொண்டு போனனான். உழக்க இடமில்லை, அவ்வளவு சனம். மழையும் பெய்தது. அம்மா ஒரு கையால என்ர சேட்டைப் பிடிச்சபடி, மற்றக் கையால குடையை எனக்குப் பிடிச்சுக்கொண்டு வந்தா. அந்தச் சைக்கிள் இப்பவும் என்னட்டை நிக்குது. பார் கறள் பிடிச்சிட்டுது, குடுக்க மனமில்லை.

ஆனாலும் ஸ்கூட்டியை விக்காதேங்கோ எண்டுதான் சொல்லுவன். அண்டைக்கு வழியில்லாமச் சைக்கிள் ஓடினம். இண்டைக்கு நீங்கள் விரும்பி ஓடுறியள். அந்த விருப்பம் நிக்கவேணுமெண்டால், நடுச்சாமத்தில ஆருக்கும் நெஞ்சு நோ எண்டு வந்தால் எடுக்க ஒரு வாகனம் முற்றத்தில நிக்கவேணும்.

வாடை மழை:

ஐயா சொன்னதோட நான் ஒத்துப்போகேல்லை. எங்கட வீட்டில வித்து ரெண்டு வருசம். அவசரத்துக்குப் பக்கத்து ஓட்டோ அண்ணையின்ர நம்பர் சுவரில எழுதி ஒட்டிக்கிடக்கு. ரெண்டே தரம்தான் கூப்பிட்டனாங்கள், ரெண்டு தரமும் பத்து நிமிசத்துக்குள்ள வந்திட்டார். ஓடாம நிக்கிற ஸ்கூட்டியின்ர பற்றறி அந்தச் சாமத்தில ஸ்ராட் ஆகும் எண்டு என்ன நிச்சயம்? அக்கா, கார்த்திகை மழைக்கு நீட்டுக் கோட்டு வேண்டாம், செயினுக்குள்ள போகும். காற்சட்டையோட வாற கோட்டா எடுங்கோ. பின் மட்காட்டில ஒரு ரப்பர் துண்டு தொங்கவிட்டால் உடுப்பில சேறு அடிக்காது. பின்னுக்குச் சிவப்பு லைற் கட்டாயம். நாலரைக்கே இருட்டிக்கொண்டு வாற நாள் இருக்கு.

இணுவில்காரி:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுச் சில்லைக் கழட்டிப் பாத்தம். கிறீஸ்கை அண்ணை சொன்னதுதான், மூண்டு ஒட்டும் உள்பக்கம். நாடாவைத் தொட்டால் பொடியா வருது. கடையில புது நாடா போட்டாச்சு. சீற்றை ஒரு விரல் உயத்தினன். இண்டைக்கு இறங்கேக்க கொஞ்சம் தடுமாறினன், நோ குறைவு மாதிரித்தான் கிடக்கு.

செம்மணி ஐயா, நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். அவவும் அண்டைக்கு அந்த வழியாலதான் போனவ, இந்தச் சைக்கிளோட. எனக்கு இது தெரியாது. அப்ப நான் அதின்ர கரியரில இருந்து நித்திரையாம்.

ஸ்கூட்டிக்குத் தை வரைக்கும் தவணை. இந்த மாரி முழுக்க அதைத் தொடாம ஓடிப் பாக்கப்போறன். ஓட்டோ அண்ணையின்ர நம்பரும் சுவரில எழுதியாச்சு. அலுமினியம் றிம் 26 அங்குலம் ரவுணில எந்தக் கடையில நல்லதா எடுக்கலாம் எண்டு ஆராவது சொல்லுங்கோ.