சந்தேகம்: லித்தியம் எரிந்து முடிந்த மூடிய அறையில் 28 கிலோபாஸ்கல்தானா?

ஜூரோங்வாசி:
வணக்கம். அணுக்கரு இணைவு உலையில் திரவ லித்தியம் கசிந்து எரிந்தால் என்னவாகும் என்று இங்கே சிங்கப்பூரில் முதுகலை ஆய்வுக்காகப் பைத்தானில் ஒரு சின்ன மாடல் ஓட்டுகிறேன். கோடு சீனியர் ஒருவர் விட்டுப்போனது. 30 கன மீட்டர் மூடிய அறை, 30 டிகிரியில் சாதாரண அழுத்தத்தில் உலர்ந்த காற்று, தரையில் 20 கிலோ லித்தியம். எல்லாம் எரிந்து அறை மறுபடி 30 டிகிரிக்கு ஆறியதும் அழுத்தம் 28 கிலோபாஸ்கலில் நிற்கிறது. தாராளமாகச் சோடியம் போட்டுப் பார்த்தால் 80. டைம் ஸ்டெப்பைக் குறைத்தும் மாற்றமில்லை. வெள்ளிக்கிழமை சூப்பர்வைசரிடம் காட்ட வேண்டும்!

உட்லண்ட்ஸ்காரன்:
அழுத்தம் இறங்குவதில் தப்பில்லை தம்பி. சோடியம் ஆக்சிஜனோடு நிறுத்திக்கொள்ளும். லித்தியம் நைட்ரஜனையும் விடாது, நைட்ரைடாகிவிடும். நைட்ரஜன் அடித்து அணைக்க முடியாது என்பதும் இதனால்தான். ஆர்கான்தான் வேண்டும்.

யீஷூன் அக்கா:
அது சரி, ஆனால் 28 ரொம்பக் குறைவு. கையால் போட்டுப் பாருங்கள். அறையில் சுமார் 1206 மோல் காற்று, ஆக்சிஜன் 253. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறுக்கு 4 லித்தியம் வீதம் 7 கிலோ போய்விடும். மிச்சம் 13 கிலோ, ஏறக்குறைய 1870 மோல். நைட்ரைடில் ஒரு நைட்ரஜன் அணுவுக்கு 3 லித்தியம். மூலக்கூறில் இரண்டு அணு, ஆக 6. அப்படியானால் 311 மோல் நைட்ரஜன்தான் குறைய வேண்டும். அழுத்தம் 54 பக்கம் வரும். 6க்குப் பதில் 3 போட்டால் அச்சு அசலாக உங்கள் 28. அந்த வரியைப் பாருங்கள்.

ஜூரோங்வாசி:
அக்கா, 3தான் இருந்தது! மாற்றினேன், 54 வந்துவிட்டது. வெப்பக் கணக்கும் கெட்டிருக்குமா?

யீஷூன் அக்கா:
வெப்பத்தை எதை வைத்து எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். லித்தியத்தை வைத்து என்றால் தப்பித்தீர்கள். நைட்ரஜனை வைத்து என்றால் அதுவும் இரட்டிப்பு. ஒரு கிலோ லித்தியம் ஆக்சைடானால் சுமார் 43 மெகாஜூல். நைட்ரைடானால் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். அப்புறம், எல்லாச் சூட்டையும் தரையில் தேங்கிய லித்தியக் குட்டையிலேயே கொட்டாதீர்கள். எம்ஐடியின் லித்தியத் தீக் கணக்கு நிரலான லிட்ஃபயரில் குட்டைக்கு மேல் எரியும் பகுதியைத் தனியாக வைத்திருப்பார்கள்.

உட்லண்ட்ஸ்காரன்:
நம்மூர்க் காற்றில் ஈரம் சும்மா இராது, தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும். அறைக்கு ஒரு கசிவும் கொடுங்கள். உள்ளே 54 என்றால் வெளிக்காற்று இழுபடும். லித்தியம் மிச்சமிருந்தால் திரும்ப எரியும்.