மறு: ஸ்டீரியோடைப்பிக்குத் தமிழ்ச்சொல்: ‘உழல்வு’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

அடைத்துவைத்த விலங்குகள் ஒரே அசைவை மாறாமல் திரும்பத் திரும்பச் செய்வதை ஆங்கிலத்தில் ஸ்டீரியோடைப்பி என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை முழுக்கப் படித்தேன். மீள்நடத்தை, வார்ப்புநடத்தை, வெற்றுநடத்தை, கூண்டுப்பித்து, தீப்பழக்கம் என்று ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் எதுவுமே முழுசாக ஒட்டவில்லை என்பது என் கருத்து. நான் ‘உழல்வு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். அதற்கு முன்னால், எதற்குப் பெயர் தேடுகிறோம் என்பதைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவந்துவிடுவோம். இழை நீண்டதில் வேறு வேறு நடத்தைகள் ஒன்றாகக் கலந்துவிட்டன.

லாயத்தில் ஒரு குதிரை நிற்கிறது. தீவனத் தொட்டியின் விளிம்பை முன்பற்களால் கவ்வுகிறது, கழுத்துத் தசை புடைக்கப் பின்னால் இழுக்கிறது, உணவுக்குழாயில் காற்று இறங்க உறுமல் மாதிரி ஒரு சத்தம் வருகிறது. விட்டுவிட்டு மறுபடி கவ்வுகிறது. அதே விளிம்பு, அதே சாய்வு, அதே சத்தம். வருடக்கணக்கில் இப்படிச் செய்த குதிரையின் வாயைத் திறந்து பார்த்தாலே போதும், முன்பற்கள் வழக்கத்துக்கு மாறாகத் தேய்ந்திருக்கும். சினைப்பன்றியைத் திரும்பக்கூட இடமில்லாத கம்பிக் கூட்டில் அடைத்தால் கம்பியைக் கடிக்கும், வாயில் எதுவும் இல்லாமலே நுரை தள்ள மென்றுகொண்டிருக்கும். கன்று நாக்கை வெளியே நீட்டிச் சுழற்றும். பனிக்கரடி போன தடத்திலேயே போய், திரும்பின இடத்திலேயே திரும்பும்.

விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜார்ஜியா மேசன் 1991இல் இதை வரையறுத்தபோது மூன்று அடையாளங்கள் சொன்னார்: திரும்பத் திரும்ப வரும், மாறாமல் வரும், வெளிப்படையான நோக்கமோ பயனோ தெரியாது. இந்த மூன்றில் ஒன்று விடுபட்டாலும் பெயர் வேறு. கிளி தன் இறகைத் தானே பிடுங்குவதையும் ஒரு நண்பர் இதில் சேர்த்திருந்தார். இறகு பிடுங்குவதில் இலக்குதான் ஒன்று, அசைவுகள் மாறிக்கொண்டே இருக்கும். ஸ்டீரியோடைப்பியில் அசைவே மாறாது. ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் தனித்தனியாகத்தான் வைக்கிறார்கள், நாமும் அப்படியே வைப்போம்.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

> மீள்நடத்தை என்றாலே போதுமே, எளிமையாகவும் இருக்கிறது.

எளிமைதான். ஆனால் மாடு அசைபோடுவதும் மீள்கிற நடத்தைதான், பூனை உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதும் அப்படித்தான். அவை இரண்டும் நலத்தின் அறிகுறிகள். அதோடு ‘மீள்’ என்றால் தப்பி வருவது, தேறி வருவது என்ற பொருளும் நம் காதில் விழும். ‘நோயிலிருந்து மீண்டது’ என்று எழுதும் அதே அறிக்கையில் ‘மீள்நடத்தை கூடியது’ என்று எழுதினால் படிப்பவர் ஒரு நொடி தடுமாறுவார்.

வார்ப்புநடத்தை மூலச்சொல்லுக்கு நெருக்கம். அச்சுக்கோத்த எழுத்துகளை அப்படியே உலோகத் தகடாக வார்த்து எடுக்கும் அச்சுமுறையிலிருந்து வந்த சொல் அது. ஆனால் வார்ப்புரு என்பதைத் தமிழ் விக்கிப்பீடியா டெம்ப்ளேட்டுக்கு நிலைநிறுத்திவிட்டது. ஒரு சமூகத்தைப் பற்றிய ஒற்றைப் பார்வையைக் குறிக்கும் ஸ்டீரியோடைப்புக்கும் பலர் வார்ப்பு என்றே எழுதுகிறார்கள். மூன்றாவதாக ஒரு பொருளை அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

தீப்பழக்கம் என்பதை நான் கடுமையாகவே மறுக்கிறேன். குதிரை வளர்ப்போர் நெடுங்காலமாக இதை அப்படித்தான் அழைத்தார்கள் என்பது உண்மை. அழைத்ததோடு நிற்கவில்லை, அந்தப் பெயருக்கேற்ற வைத்தியமும் செய்தார்கள். கவ்வ முடியாதபடி கழுத்தில் இறுக்கமான பட்டை, விளிம்பெல்லாம் கசப்புப் பூச்சு, சில இடங்களில் கழுத்துத் தசையை வெட்டும் அறுவைச் சிகிச்சைகூட. பட்டையைக் கழற்றியதும் குதிரை முன்னைவிட அதிகமாகக் கவ்வியதை ஆய்வாளர்கள் மெக்ரீவியும் நிக்கோலும் 1990களில் பதிவுசெய்தார்கள். கவ்வும் உந்துதல் எங்கும் போகவில்லை, உள்ளேயே சேர்ந்துகொண்டிருந்தது. குதிரைக்குட்டிகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, தாய்ப்பால் மறந்தபின் அடர்தீவனம் கொடுக்கப்பட்ட குட்டிகளிடம் இது பல மடங்கு கூடியதை 2002இல் காட்டியது. நாளின் பெரும்பகுதி புல் மேயவென்றே அமைந்த வயிறு அது. அதற்கு இரண்டு வேளை தானியத்தைக் கொடுத்துவிட்டுப் பழக்கம் கெட்டது என்று குதிரையைச் சொல்வது அநியாயம். கூண்டுப்பித்துக்கும் இதே குறைதான், கோளாறு முழுவதையும் விலங்கின் தலைக்குள் வைத்துவிடுகிறது.

> வெற்றுநடத்தை என்பதே சரி. நோக்கம் இல்லை என்று வரையறையே சொல்கிறதே?

இதில்தான் நான் அதிகம் நின்று பேச விரும்புகிறேன். வரையறை சொல்வது, பார்ப்பவருக்கு நோக்கம் தெரியவில்லை என்பதை மட்டும்தான். விலங்குக்கு நோக்கமே இல்லை என்று அது சொல்லவில்லை.

ஜெர்பில் என்ற பாலைநிலக் கொறிணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகக் கூண்டின் மூலையில் முன்கால்களால் நிமிடக்கணக்கில் தோண்டும். தோண்ட அங்கே ஒன்றுமே இருக்காது, வெறும் தரைதான். தோண்டும் ஆசை தீரவில்லை போலும் என்று மணல் போட்டால் சரியாகிவிடும் என்றுதானே நமக்குத் தோன்றும்? கிறிஸ்டோஃப் வீடன்மாயர் 1997இல் வெளியிட்ட சோதனையில் மணல் கொடுத்தும் குட்டிகள் அந்த மாறாத தோண்டலை வளர்த்துக்கொண்டன. செயற்கையாக ஒரு வளை, அதாவது சுரங்கம் மாதிரி ஒரு வழியும் அதன் முடிவில் ஓர் அறையும் அமைத்துக் கொடுத்த குட்டிகளிடம் அது வளரவில்லை. அவை தேடியது தோண்டும் வேலையை அல்ல, ஒளிந்துகொள்ள ஒரு வளையை. வளை கிடைத்ததும் தோண்டக் காரணமே இல்லாமல் போயிற்று.

ஹான்னோ வூர்பெல் குழு ஆய்வக எலிகளிடம் பார்த்ததும் இதற்கு நெருக்கமானது. அவை கம்பியைக் கடிப்பது, வெளியே போக வழி தேடும் முயற்சியிலிருந்து படிப்படியாக வளர்ந்த ஒன்று. பன்றியின் கம்பிக்கடியும் அப்படியே. ஆப்பிள்பியும் லாரன்ஸும் 1987இல் காட்டியதுபோல, கட்டிவைத்த பன்றிகளில் தீவனம் குறைந்த பன்றிகள்தான் அதிகம் செய்தன. பசித்த விலங்கு இரை தேடுகிறது, தேட இடமில்லாமல் கம்பியில் முட்டி நிற்கிறது. இதையெல்லாம் ‘வெற்று’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தரவும் இடம் கொடுக்கவில்லை.

இனி உழல்வு. உழல் என்ற வினைக்குச் சுழலுதல், ஓரிடத்தில் நில்லாது அலைதல் என்று பழைய பொருள். சிக்கித் தவித்தல் இன்றைய பொருள். இரண்டுமே இங்கே வேண்டியவை. ஆனால் என்னை இந்தச் சொல்லிடம் இழுத்தது அதன் இலக்கணம். தமிழில் யாரும் சும்மா உழல்வதில்லை. வறுமையில் உழல்கிறார்கள், கடனில் உழல்கிறார்கள், வழக்கில் உழல்கிறார்கள். ‘எதில்?’ என்ற கேள்விக்கு விடை இல்லாமல் அந்த வாக்கியம் முடிவதே இல்லை. நமக்கு வேண்டிய கலைச்சொல் இதுதான் என்பேன். ‘இந்தக் கரடியிடம் உழல்வு காணப்படுகிறது’ என்று ஒருவர் எழுதினால், எதில் என்று அடுத்த வரியில் அவரே சொல்லியாக வேண்டும்.

2003இல் கிளப்பும் மேசனும் ஊனுண்ணிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு அந்த ‘எதில்’ என்பதற்குச் சரியான எடுத்துக்காட்டு. கூண்டில் நடைபோடுவது வேட்டையாட முடியாததால்தான் என்று பலரும் நம்பினார்கள். தரவு வேறு மாதிரி வந்தது. காட்டில் எவ்வளவு பெரிய பரப்பில் திரிகிற இனம் என்பதுதான் கூண்டில் அது எவ்வளவு நடைபோடும் என்பதைச் சொன்னது, குட்டிகளின் இறப்பையும் சொன்னது. வழக்கமான விலங்குக்காட்சிச் சாலையில் பனிக்கரடிக்குக் கிடைக்கும் இடம், அது இயல்பாகத் திரியும் மிகக் குறைந்த பரப்பிலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

உழல்வுக்கு வரக்கூடிய மறுப்புகளையும் யோசித்துப் பார்த்தேன்.

முதலாவது, ஊழல். ‘உழல்நடத்தை’ என்று எழுதினால் ஒரு நெடில் தவறினாலும் பொருள் எங்கோ போய்விடும். அதனால்தான் உழல்வு என்ற வடிவத்தைச் சொல்கிறேன். ‘ஊழல்வு’ என்று ஒரு சொல் இல்லாததால் பிழை உடனே கண்ணில் படும். உழற்சி அகராதியில் உள்ள நல்ல சொல்தான், ஆனால் சுழற்சி என்று மாற்றிப் படிக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது மறுப்பு கனமானது. தவிப்பு என்ற தீர்ப்பைப் பெயரிலேயே வைத்துவிட்டால் ஆய்வு செய்ய என்ன மிச்சம்? மேசனும் லேதமும் 2004இல் இதைத்தான் அலசினார்கள். இரண்டு சூழல்களை ஒப்பிட்டால், இந்த நடத்தை மிகுந்த சூழலில் நலம் பெரும்பாலும் குறைவு. ஆனால் மோசமான ஒரே சூழலுக்குள் விலங்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால், அதிகம் செய்கிற விலங்கு செய்யாத விலங்கைவிடத் தேவலாம் என்ற நிலையில் இருப்பது உண்டு. அந்தச் செயலே அதற்குக் கொஞ்சம் ஆசுவாசம் தருகிறது போலும். மூலையில் அசையாமல் சுருண்டு கிடக்கும் விலங்கைத்தான் அங்கே முதலில் கவனிக்க வேண்டும். இதை மனதில் வைத்துப் பார்த்தாலும் உழல்வு தவறாகவில்லை. உழல்பவர் தவிக்கிறார் என்று மட்டும் அதற்குப் பொருள் அல்ல, இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார் என்பதும் அதில் உண்டு. வரையறைக் குறிப்பில் ஒரு வரியை மட்டும் கட்டாயம் சேர்க்க வேண்டும்: உழல்வு இல்லாமை நலத்துக்குச் சான்று ஆகாது.

மூன்றாவது, மருத்துவத்தில் இதே ஆங்கிலச் சொல்லை மனிதர்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தை கையை உதறுவதும் உடலை முன்னும் பின்னும் ஆட்டுவதும் அந்தப் பெயரில் வருகின்றன. அங்கே உழல்வு என்று எழுதவே கூடாது. அந்த அசைவு பலருக்கு அமைதி தருவது, மகிழ்ச்சியில்கூட வருவது. அதற்கு மீளியக்கம் போதும். ஆம்ஃபெட்டமின் போன்ற மருந்து கொடுத்த எலியிடம் வருவதற்கும் மருந்துவழி மீளியக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். உழல்வை அடைத்துவைத்த விலங்குகளுக்கு மட்டும் ஒதுக்குவோம்.

கிளைச்சொற்கள் எளிதாகவே வருகின்றன. ஊனுண்ணிகளிடம் மிகுதியாகக் காணும் நடைபோடல் நடையுழல்வு. குதிரை, மாடு, பன்றி, ஒட்டகச்சிவிங்கி ஆகியவற்றிடம் மிகுதியாகக் காணும் கடித்தல், நக்கல், நாச்சுழற்றல் எல்லாம் வாயுழல்வு. லாயக் குதிரை தலையை இடமும் வலமுமாக ஆட்டுவதை ஆட்டுழல்வு எனலாம். அடுத்த குதிரையைப் பார்க்க முடியாத லாயத்தில் ஒரு கண்ணாடியை மாட்டினாலே அது வெகுவாகக் குறைகிறது என்று 2002இல் கண்டிருக்கிறார்கள். கூட்ட விலங்கு எதில் உழல்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

இன்னொரு கிளைச்சொல்லும் தேவைப்படும். நல்ல இடத்துக்கு மாற்றிய பிறகும் சில விலங்குகள் நிறுத்துவதில்லை. கரைவோல் என்ற சிறு கொறிணிகளில் வயது ஏற ஏறச் சூழலைத் திருத்துவதன் பலன் குறைவதைக் கூப்பரும் உடன் ஆய்ந்தவர்களும் 1996இல் காட்டினார்கள். அதிகம் உழலும் விலங்குகள், தொடங்கிய ஒரு செயலை நிறுத்துவதிலேயே சிரமப்படுகின்றன என்று கார்னரும் மேசனும் 2002இல் சொன்னார்கள். மூளையின் ஆழத்தில் செயல்களைத் தொடங்கி நிறுத்தும் பகுதியோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது. அங்கே ‘எதில்’ என்ற கேள்விக்கு விடை இன்றைய கூண்டில் இல்லை, வளர்ந்த கூண்டில் இருக்கிறது. இதை எஞ்சிய உழல்வு என்று தனியாகக் குறித்தால், புதிய அடைப்பிடத்தைப் பராமரிப்பவர் மேல் வீண்பழி விழாது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

‘தீவனத்தில் நார்ப்பொருளைக் கூட்டியபின் சினைப்பன்றிகளின் வாயுழல்வு குறைந்தது.’
‘அடைப்பிடத்தை விரிவாக்கிய பின்னும் மூத்த பெண் கரடியிடம் எஞ்சிய உழல்வு தொடர்கிறது.’
‘பகல் நேரத்தில் உழல்வுக்குச் செலவான பங்கு கணக்கிடப்பட்டது.’

மூன்றுமே தடங்கலில்லாமல் படிக்க முடிகிறது, அளக்கவும் எண்ணவும் சொல் இடம் கொடுக்கிறது. மேசனும் லேதமும் 2004இல் போட்ட கணக்குப்படி உலகில் 8.5 கோடிக்கும் மேற்பட்ட பண்ணை, ஆய்வக, காட்சிச்சாலை விலங்குகளிடம் இது இருக்கிறது. இவ்வளவு பரவலான ஒன்றைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் மூன்று வரி விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது.

அடைப்பிடத்தை விலங்கின் தேவைக்கேற்ப மேம்படுத்தும் என்ரிச்மெண்ட்டுக்குச் செறிவூட்டல் என்று இழையின் நடுவில் வந்தது. அது யுரேனியத்தோடு ஒட்டிவிட்ட சொல், சூழல் வளமூட்டல் எனலாம் என்று நினைக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

கால்நடை மருத்துவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நாச்சுழற்றலையும் வெறும்வாய் மெல்லலையும் நீங்கள் சிகிச்சைக் குறிப்பில் தனித்தனியாக எழுதுகிறீர்களா, ஒன்றாகவா? தனித்தனி என்றால் வாயுழல்வுக்குக் கீழே இரண்டு உட்பிரிவுச் சொற்கள் தேவைப்படும்.

அன்புடன்.