"வித்தவுட்" டீ கேட்டால் நோயாளியா? ஆரோக்கியமாக இருப்பவர் சர்க்கரையை எண்ண வேண்டுமா?

தேநீர்ப்பிரியன்:
வயது 34, சென்னையில் ஐ.டி. வேலை. போன மாதம் அலுவலகத்தில் நடந்த பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 88, ரத்த அழுத்தம் சரி, உயரத்துக்கேற்ற எடை. ஆனால் பக்கத்து இருக்கை நண்பர் விடுவதாக இல்லை. நான் டீயில் இரண்டு ஸ்பூன் போட்டால் "வெள்ளை விஷம்" என்கிறார், வாட்ஸப்பில் தினம் ஒரு வீடியோ அனுப்புகிறார். அவர் வாயை அடைக்கலாம் என்று நேற்று கடையில் "ஒரு வித்தவுட்" என்றேன். மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இந்த வயசுலயேவா சார்?" என்றார். அந்தப் பார்வைக்குப் பதில் ஒரு கிலோ அஸ்கா தின்றிருக்கலாம்.

நோய் எதுவும் இல்லாதவன் சர்க்கரையை எண்ணிக்கொண்டே வாழ வேண்டுமா? வீட்டில் அம்மா, மனைவி, ஆறு வயது மகள், நான் என நான்கு பேர், மாதம் 4 கிலோ வாங்குகிறோம். அது அதிகமா?

ஓட்டக்காரன்:
உங்கள் கணக்கையே போடுவோம். 4 கிலோவை நான்கு பேருக்கும் 30 நாளுக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 கிராம், சுமார் 130 கலோரி. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வரம்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், அதாவது 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 50 கிராம். நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள். நண்பரிடம் சொல்லிவிட்டு டீயைக் குடியுங்கள்.

எனக்கு இந்த "வெள்ளை விஷம்" பேச்சே அலுத்துவிட்டது. அந்த நிறுவனத்துக்காகவே நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2013இல், பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும் ஒரு தொகுப்பாய்வு செய்தார்கள். மொத்தக் கலோரியை மாற்றாமல் சர்க்கரையை எடுத்துவிட்டு அதே அளவு வேறு மாவுச்சத்தைக் கொடுத்தால் எடையில் மாற்றம் இல்லை. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் 1997இல் இன்னும் விளையாட்டாக ஒன்று செய்தார்கள்: எடை குறைக்க வந்த பெண்களில் ஒரு குழுவுக்குக் கலோரியில் 43 சதவீதம் சர்க்கரை, இன்னொரு குழுவுக்கு 4 சதவீதம், மொத்தக் கலோரி இருவருக்கும் ஒன்றே. ஆறு வாரத்தில் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு இளைத்தது. விஷம் இப்படியா வேலை செய்யும்?

நான் ஞாயிறுதோறும் 25 கிலோமீட்டர் ஓடுகிறேன், கால்சட்டைப் பையில் கடலை மிட்டாய் இல்லாமல் கிளம்புவதில்லை.

மீனாட்சி_லேப்:
ஓட்டக்காரன் சார் அந்த 2013 ஆய்வில் பாதியைத்தான் சொன்னார். அதே ஆய்வில், கலோரிக்குக் கட்டுப்பாடு இல்லாமல் மக்களை இஷ்டத்துக்குச் சாப்பிடவிட்டபோது சர்க்கரையைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 0.8 கிலோ எடை குறைந்தது, கூட்டியவர்களுக்கு ஏறக்குறைய அவ்வளவே கூடியது. நம்மில் எத்தனை பேர் தட்டை எடை போட்டுச் சாப்பிடுகிறோம்? வாழ்க்கை அந்த இரண்டாம் பாதியில்தான் நடக்கிறது.

நான் மதுரையில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். "எனக்கு ஒன்றும் இல்லை, சும்மா பார்க்கலாம் என்று வந்தேன்" என்பார்கள், ஹெச்பிஏ1சி (மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரி) எடுத்தால் 6.1 வரும். 5.7க்கு மேல் போனாலே எல்லையில் நிற்கிறோம் என்று அர்த்தம், 6.5 என்றால் தாண்டியாயிற்று. 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வில், சென்னை நீரிழிவு மருத்துவர் மோகன் குழுவினர் செய்தது, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய படியில். அந்த 13.6 கோடியில் பெரும்பாலோர் தங்களை ஆரோக்கியமானவர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். தம்பி, வெறும் வயிற்று 88 நல்ல செய்திதான், ஆனால் அது அந்த ஒரு காலையின் கணக்கு. மூன்று மாதச் சராசரியையும் ஒரு தடவை பாருங்கள்.

வெல்லக்கட்டி:
ரசாயனம் போட்டு வெளுத்ததை ஏன் சாப்பிட வேண்டும்? எங்கள் வீட்டில் ஐந்து வருடமாகச் சீனியே கிடையாது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன். பாட்டிகள் எல்லாரும் தொண்ணூறு வரை இருந்தது எப்படி? இயற்கையானது உடம்பைக் கெடுக்காது.

பல்லாண்டு:
ஐயா, நான் பல் மருத்துவன். உங்கள் கருப்பட்டிக்கும் பக்கத்து வீட்டு அஸ்காவுக்கும் பல்லில் இருக்கும் பாக்டீரியா வித்தியாசம் பார்ப்பதில்லை. வெல்லத்தில் பெரும்பங்கு சுக்ரோஸ் என்ற சர்க்கரை, சீனியில் ஏறக்குறைய எல்லாமே சுக்ரோஸ், தேனில் அது உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பில் தேனும் பழச்சாறும் சேர்த்தி, முழுப் பழமும் பாலும்தான் சேராது. மணத்துக்காகக் கருப்பட்டி போடுங்கள், நானும் போடுகிறேன். மருந்து என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

இவ்வளவு நேரம் எடையையும் நீரிழிவையும் பேசினீர்கள், வாயைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எடை சரியாக இருக்கிறவனுக்கும் 25 கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கும் சொத்தை வரும். இனிப்பு உள்ளே போனதும் பாக்டீரியா அதை அமிலமாக்குகிறது, பல் மேல் பி.எச். அளவு (இது குறைந்தால் அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்) 5.5க்குக் கீழே இறங்கியதும் எனாமல் கரையத் தொடங்குகிறது, உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்த டீ வந்துவிடும். எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பெரிது. இதைக் கண்டுபிடித்த கதை வெட்கக்கேடானது: ஸ்வீடனில் விபெஹோல்ம் என்ற, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான காப்பகத்தில் 1940களில், சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத நோயாளிகளுக்கு, பல்லில் ஒட்டும் டாஃபியை உணவுக்கு இடையில் கொடுத்துக்கொண்டே இருந்து சொத்தையை எண்ணினார்கள். சாப்பாட்டோடு இனிப்பு கொடுத்த குழுவில் சேதம் மிகக் குறைவு, இடையிடையே டாஃபி தின்ற குழுவில் பற்கள் பாழ்.

ஓட்டக்காரன்:
டாக்டர், பல் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் ஃபுளோரைடு பேஸ்ட்டால் இரண்டு வேளை துலக்குகிறவருக்கு ஆபத்து வெகுவாகக் குறைகிறது என்பதையும் சொல்லுங்கள்.

மீனாட்சி மேடம், அந்த 13.6 கோடிப் பேரும் சீனியால்தான் அந்த நிலைக்கு வந்தார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அதே குழுவினர் 2025இல் வெளியிட்ட ஆய்வில் இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதிலும் பெரும்பகுதி வெள்ளை அரிசியும் அரைத்த கோதுமையும். மூன்று வேளையும் இட்லி, சோறு, தோசை என்று ஏற்றிக்கொண்டு டீயில் போட்ட இரண்டு ஸ்பூனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறோம். ரேஷனில் அரிசி வேண்டாம் என்பவர்களுக்கு "சர்க்கரை அட்டை" என்று ஒன்று உண்டு, நமக்கெல்லாம் அது தேவைப்படும் போலிருக்கிறது.

யாழ்_பிளேன்டீ:
எங்கட பக்கத்திலும் இதே கதைதான். சின்ன வயதில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு சீனி போடாத பிளேன்டீ குடிப்போம், ஒரு சின்னத் துண்டில் ஒரு கோப்பை முடிந்துவிடும். இப்போது அதே கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி. இலங்கையில் 2016இலிருந்து குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அடையாளம் போடுகிறார்கள், 2017 கடைசியில் சீனிக்கேற்ப வரியும் போட்டார்கள். சிவப்பு வட்டத்தைப் பார்த்துப் போத்தலைத் திருப்பி வைத்தவர்களும் உண்டு, என்னைப்போல் வட்டத்தைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு குடித்தவர்களும் உண்டு.

ஓட்டக்காரன் அண்ணை சொல்லும் சோற்றுக் கணக்கு சரி. ஆனால் சோறு வயிறு நிறைந்தால் நின்றுவிடும். குளிர்பானம் நிற்காது, அது குடித்த கணக்கிலேயே வராது.

மீனாட்சி_லேப்:
யாழ் தம்பி சரியான இடத்தைத் தொட்டார். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அதைக் குடித்துவிட்டு யாரும் இரண்டு இட்லியைக் குறைப்பதில்லை. டென்மார்க்கில் 2012இல் ஒரு சோதனை: ஆறு மாதம் தினம் ஒரு லிட்டர், ஒரு குழுவுக்குக் கோலா, மற்றவர்களுக்குப் பால், டயட் கோலா, தண்ணீர். கோலா குழுவுக்குத்தான் கல்லீரலில் கொழுப்பு ஏறியது.

அரிசியும் காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. அரிசி காரணம் என்பதால் சீனி நிரபராதி ஆகிவிடுமா? ஏற்கெனவே மாவுச்சத்தால் நிரம்பிய தட்டில்தான் இதையும் கொட்டுகிறோம்.

அப்புறம் அந்த "உயரத்துக்கேற்ற எடை". புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டுக்கொண்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் எண்) 22.3, அச்சு அசலாக ஒன்றே. உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் ஊர் ஒல்லி வெறும் சட்டைக்குத்தான் ஒல்லி. லேபில் நான் தினம் பார்க்கிறேன்: கை கால் குச்சி, தொப்பை தனி.

ஓட்டக்காரன்:
யாஜ்னிக் விஷயம் நல்லது, ஒப்புக்கொள்கிறேன், நானும் இனி இடுப்பை அளப்பேன். டென்மார்க் ஆய்வை ஒப்புக்கொள்ள மாட்டேன். அதில் இருந்தவர்கள் எல்லாரும் எடை கூடியவர்கள், அதோடு தினம் ஒரு லிட்டர்! கேள்வி கேட்டவர் குடிப்பது டீ. அடுத்து யாராவது பிரிட்டன் ரேஷன் ஆய்வைக் கொண்டுவருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: 1953இல் அங்கே சர்க்கரை ரேஷன் முடிந்தது, அதற்கு முன் கருவிலும் முதல் இரண்டு வயதிலும் குறைவாகச் சர்க்கரை கண்டவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு ஆபத்து சுமார் 35 சதவீதம் குறைவு என்று 2024இல் கண்டார்கள். பிரமாதமான ஆய்வு. ஆனால் அது குழந்தையின் முதல் ஆயிரம் நாளைப் பற்றியது. 34 வயது ஆளுக்கு அதில் செய்தி இல்லை.

வெல்லக்கட்டி:
இந்த ஆராய்ச்சியெல்லாம் யார் காசில் நடக்கிறது என்று பாருங்கள் முதலில்.

மீனாட்சி_லேப்:
வெல்லக்கட்டி அண்ணா, இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. 1960களில் அமெரிக்கச் சர்க்கரை வியாபாரிகளின் சங்கம் ஹார்வர்டு ஆய்வாளர்களுக்குப் பணம் கொடுத்து, இதய நோய்க்குப் பழியைக் கொழுப்பின் பக்கம் தள்ளும் கட்டுரையை 1967இல் எழுத வைத்தது 2016இல் ஆவணங்களோடு வெளிவந்தது. ஆனால் அதற்குப் பரிகாரம் தேன் வாங்குவது இல்லை.

தேநீர்ப்பிரியன்:
நான்கு நாள் காணாமல் போனதற்கு மன்னிக்கவும், எழுதி வைத்துப் பார்த்தேன். அலுவலகக் கடையில் ஒரு டீக்கு மாஸ்டர் போடுவதை அவரிடமே வாங்கி என் சமையல் தராசில் நிறுத்தேன் (மறுபடியும் அதே பார்வை), 9 கிராம். மூன்று டீ, 27. வீட்டில் காலை காபி 10. மாலையில் ஆறு மேரி பிஸ்கட், பாக்கெட்டில் போட்டிருக்கும் கணக்குப்படி 8. மொத்தம் 45. வெள்ளிக்கிழமை பிரியாணியோடு ஒரு குளிர்பானம், அன்றைக்கு 77. ஓட்டக்காரன் சார், உங்கள் 50க்குள் நான் இருப்பது வெள்ளிக்கிழமை இல்லாத நாட்களில் மட்டும்தான்.

ஆனால் என் தலை சுற்றியது வேறு இடத்தில். வீட்டுச் சர்க்கரையில் என் பங்கு தினம் 10 கிராம் என்றால் மாதம் 300 கிராம். மீதி 3 கிலோ 700ஐ யார் தீர்க்கிறார்கள்? மூன்று பேருக்குப் பிரித்தால் தலைக்கு 41. அம்மாவிடம் கேட்டேன், அவருக்கு இரண்டு காபி, மனைவிக்கு ஒன்று. பாக்கி மகளுக்கு. மூன்று வேளைப் பால், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன், அதற்கு மேல் ஏற்கெனவே இனிப்பாக இருக்கும் சத்துப் பொடி, தோசைக்குச் சட்னி வேண்டாம் என்று சீனி. அவள் எடை 19 கிலோ. என்னைப் பற்றிக் கேட்க வந்தேன்.

ஓட்டக்காரன்:
அது அதிகம். அவளுக்கு ஒரு நாளைக்கு 1400 கலோரி என்று வைத்தாலும் 10 சதவீதம் 35 கிராம்தான், பொடியைச் சேர்க்காமலே தாண்டியிருப்பாள். உங்கள் டீ பற்றி என் கருத்து மாறவில்லை, வெள்ளிக்கிழமைக் குளிர்பானத்தை மட்டும் விடுங்கள்.

பல்லாண்டு:
மகளின் பல்லைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ராத்திரிப் பாலுக்குப் பிறகு துலக்குகிறாளா?

தேநீர்ப்பிரியன்:
துலக்குவதில்லை டாக்டர், பால் குடித்தபடியே தூங்கிவிடுவாள். பின்னால் ஒரு பல்லில் கறுப்பாக ஒரு கோடு இருக்கிறது. பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று அம்மா சொன்னதால் விட்டுவிட்டோம்.

பல்லாண்டு:
எந்தப் பல்? கீழ் வரிசையில் கடைசியாக இருப்பது என்றால், ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் புதிதாக முளைப்பது நிரந்தரக் கடைவாய்ப்பல். எதுவும் விழாமல் முளைப்பதால் பெற்றோருக்கு அது வந்ததே தெரியாது. கடைசிப் பல் என்றால் இந்த வாரமே யாரிடமாவது காட்டுங்கள், தொடக்கத்திலேயே என்றால் சின்ன அடைப்போடு முடிந்துவிடும்.

தேநீர்ப்பிரியன்:
இப்போதுதான் தூங்குகிறவள் வாயில் செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தேன். கடைசிப் பல்தான்.