வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை மனநிறைவு தருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பாசிர் ரிஸ் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் மகள் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் முடித்துவிட்டாள். அடுத்து ஆசிரியர் பயிற்சி, பிறகு கல்வி அமைச்சில் வேலை என்று வீட்டில் எல்லாரும் எண்ணியிருந்தோம். அவளோ ஜப்பானுக்கோ வியட்நாமுக்கோ போய் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறேன் என்கிறாள். ஊர் சுற்ற இது ஒரு சாக்கு என்று அண்ணன் கோபத்தில் இருக்கிறார். "அத்தை, நீங்கள்தான் அப்பாவிடம் பேச வேண்டும்" என்று அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். சம்பளக் கணக்கை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். அந்த வேலை மனத்துக்கு நிறைவு தருமா என்பதைத்தான் நான் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கேள்விப்பட்டதை விட்டுவிட்டு, உங்களுக்கு நடந்ததை எழுதினால் அண்ணனிடம் அப்படியே படித்துக் காட்டுவேன்.

செங்காங் ஆசிரியை:

அக்கா, நான் ஜெட் திட்டத்தில் ஜப்பான் போய் வந்தவள். பள்ளிகளில் மொழி கற்பிக்க உதவ வெளிநாட்டவரை அழைக்கும் இந்தத் திட்டத்தை ஜப்பானிய அரசாங்கம் 1987இல் தொடங்கியது. சிங்கப்பூர்ப் பட்டதாரிகளையும் எடுக்கிறார்கள். ஓராண்டு ஒப்பந்தம், புதுப்பித்துக்கொண்டே போனால் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் இருக்கலாம். 2025 ஏப்ரலில் சம்பளத்தைக் கூட்டி, முதலாண்டுக்கு 40 லட்சம் யென்னுக்குச் சற்று மேலே கொண்டுவந்திருக்கிறார்கள். காலையில் பள்ளிக்குப் போனால் மாலைவரை அங்கேதான். ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது என்று அண்ணனிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

தோக்கியோ, ஒசாக்கா என்று கனவு கண்டால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். என்னை ஷிமானே வட்டாரத்தில் ஒரு சிற்றூருக்கு அனுப்பினார்கள். வயலும் மலையும் முதியவர்களும் நிறைந்த ஊர். வேலையின் பெயர் உதவி மொழி ஆசிரியர். அதாவது வகுப்பு அங்குள்ள ஜப்பானிய ஆசிரியருடையது. நாம் உடன் நிற்பவர்கள். ஓர் ஆசிரியர் என்னோடு உட்கார்ந்து பாடத்தையே சேர்ந்து எழுதுவார். இன்னொருவர் புத்தகத்தை நீட்டி, சத்தமாக வாசிக்கச் சொல்லி, பிள்ளைகளைத் திரும்பச் சொல்ல வைப்பார். மணி அடித்ததும் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார். ஒலிநாடா செய்யும் வேலையை நான் செய்கிறேனே என்று மனம் வெறுத்துப்போகும். இந்த வேலையில் இதை மறைத்துப் பயனில்லை.

ஆனால் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பு. 2020 முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டதால் பிள்ளைகளுக்கு மதிப்பெண் பயம் ஒட்டிக்கொண்டிருந்தது. இவன் வகுப்பில் வாயே திறக்க மாட்டான். அங்கே பள்ளியைப் பிள்ளைகளேதான் துடைத்துப் பெருக்குவார்கள், ஆசிரியர்களும் சேர்ந்துகொள்வோம். ஒருநாள் தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவன் துணியைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் காட்டினான். உள்ளே கொம்பு வைத்த வண்டு ஒன்று. "மை பீட்டில். வெரி ஸ்ட்ராங்" என்றான். என்ன சாப்பிடும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். யோசித்து யோசித்து, கையாலும் காட்டி, வாழைப்பழம் என்று பதில் சொன்னான். இரவில்தான் பறக்கும், தன் தாத்தாதான் பிடித்துக் கொடுத்தார் என்பதும் அடுத்தடுத்து வந்தது. இலக்கணம் முன்னே பின்னே இருந்தது. ஆனால் தனக்கு வேண்டியதைத் தானே சொன்னான்; நானும் புரிந்துகொண்டேன். மறுவாரம் வகுப்பு ஆசிரியரிடம் பேசி, ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த பொருளைக் கொண்டுவந்து பேசும் பாடம் ஒன்றை வைத்தோம். மேல்நிலைக்குப் போன பிறகும் அவன் என்னைத் தெருவில் கண்டால் ஆங்கிலத்தில்தான் வணக்கம் சொல்வான்.

நிறைவு கிடைத்ததா என்றால், கிடைத்தது. ஒரே ஊரில் ஒரே பிள்ளைகளோடு ஆண்டுக்கணக்கில் இருந்ததால் கிடைத்தது. முதலாண்டோடு திரும்பியிருந்தால் எனக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

பிடோக் நண்பர்:

கடவுச்சீட்டைப் பற்றி யாராவது அந்தப் பெண்ணுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், நான் சொல்கிறேன். எனக்குப் பிடித்த நாடு தென்கொரியா. அங்கே ஆங்கிலம் கற்பிக்கும் ஈ-2 விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். நாம் தொடக்கநிலையிலிருந்தே கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில் படித்து வந்தவர்கள். 1987 முதல் நம் பள்ளிகள் அனைத்திலும் ஆங்கிலமே பயிற்றுமொழி. அங்கே அது கணக்கில் வரவில்லை. தொலைபேசியில் என் பேச்சைக் கேட்டு மகிழ்ந்த முகவர், கடவுச்சீட்டின் நிறத்தைக் கேட்டதும் அழைப்பை முடித்துக்கொண்டார்.

பிறகு ஹோ சி மின் நகரில் ஒரு மையத்தில் சேர்ந்தேன். அலுவலகம் முடிந்து மாலையில் வரும் பெரியவர்களுக்கு வகுப்பு. அதே மையத்தில் ஆசிரியர் பயிற்சியே இல்லாத ஒரு ஐரோப்பியருக்கு என்னைவிடக் கூடுதல் சம்பளம். பெற்றோர் விளம்பரப் படத்தில் யாரைப் பார்க்க விரும்புகிறார்களோ அவர்களுக்கே முதல் மரியாதை என்று மேலாளர் என்னிடம் நேராகவே சொன்னார். நம் பிள்ளைகள் இதற்கு மனத்தைத் திடப்படுத்திக்கொண்டுதான் போக வேண்டும். இது அநியாயம்தான்; அதைப் பழகிக்கொள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆனால் மாணவர்கள் அப்படி நடந்துகொள்ளவில்லை. நவம்பர் 20 அங்கே ஆசிரியர் தினம். வகுப்பறைக்குள் நுழைந்தால் மேசை தெரியாத அளவுக்குப் பூ. வங்கி ஊழியர் ஒருவர், தாதி ஒருவர், மோட்டார் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர், எல்லாரும் எழுந்து நின்றார்கள். என் அம்மா இன்றும் அந்தப் படத்தைத்தான் வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டுகிறார்.

ஜூரோங் வெஸ்ட் தொண்டூழியர்:

நான் எங்கும் போகவில்லை. இங்கேயே சிங்கப்பூரில், துவாஸ் பக்கம் உள்ள ஒரு தங்குவிடுதியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் ஊழியர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு இது உள்ளூர். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் புதுக்கோட்டைக்காரருக்கும் மன்னார்குடிக்காரருக்கும் இதுதான் வெளிநாடு. ஆகவே இதையும் இங்கே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

பாடப்புத்தகம் அங்கே செல்லாது. வாரம் முழுவதும் வெயிலில் சாரம் கட்டிவிட்டு வருகிற மனிதரிடம் லண்டன் பூங்காவில் நடக்கும் உரையாடலைப் படிக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. மருந்தகத்தில் எங்கே வலி என்று கேட்டால் என்ன சொல்வது, மேற்பார்வையாளர் சொன்னது புரியாவிட்டால் எப்படித் திருப்பிக் கேட்பது, வேலை அனுமதி தொடர்பான கடிதம் வந்தால் எந்த வரியை முதலில் பார்ப்பது, இவைதான் எங்கள் பாடம். உயரத்தில் வேலை செய்கிறவருக்குப் புரியாததற்கும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டும் பழக்கம் உயிருக்கே ஆபத்து. "ஒன்ஸ் மோர், பிளீஸ்" என்று கூச்சமில்லாமல் சொல்ல வைப்பதற்கே பல வாரங்கள் ஆகும். மொழி ஒரு பங்கு. பயம் மூன்று பங்கு.

சம்பளச் சீட்டு வாரத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 2016 ஏப்ரல் 1 முதல் இங்கே முதலாளிகள் விவரமான சம்பளச் சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள், மிகைநேரம் எல்லாம் தனித்தனியே இருக்க வேண்டும். மிகைநேரத்துக்கு அடிப்படை மணிச் சம்பளத்தைப் போல் ஒன்றரை மடங்கு. நான் வெள்ளைப் பலகையில் மாதிரிச் சீட்டு ஒன்றை எழுதி, ஒவ்வொரு வரியையும் படிக்க வைத்தேன். அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவர், விரிசல் விட்ட கைப்பேசியில் தம்முடைய சீட்டைத் திறந்து, பலகையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, விரலால் ஒரு வரியைப் பெரிதாக்கி, "சார், இந்தப் பிடித்தம் எதற்கு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. கேட்டுவிடலாமே என்றேன். அன்று வகுப்பு முழுவதும் சேர்ந்து நான்கு வரியில் ஒரு செய்தி எழுதினோம். மரியாதையாக, தேதியும் தொகையும் குறிப்பிட்டு. 'கைண்ட்லி' போடலாமா வேண்டாமா என்று பின்வரிசையில் ஒரு வாக்குவாதமே நடந்தது. தவறுதலாகப் பிடித்துவிட்டோம் என்று நிறுவனத்திலிருந்து பதில் வந்தது; அடுத்த மாதம் பணமும் வந்தது.

அந்தத் தம்பி அதன்பின் ஒரு வகுப்பையும் விடவில்லை. ஆனால் அன்று இருந்தவர்களில் பலர் விட்டுவிட்டார்கள். மிகைநேர வேலை வந்தால் ஞாயிறும் போய்விடும். வந்தவர்களிலும் சிலர் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்கள், நான் எழுப்புவதில்லை. நிறைவு என்ற சொல்லை நான் என் அலுவலக வேலையில் பயன்படுத்தியதே இல்லை. இங்கே பயன்படுத்துகிறேன்.

ஊட்ரம் பார்க் ஆசிரியர்:

ஜூரோங் அண்ணா எழுதியதைப் படித்து நெகிழ்ந்தேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். தொண்டூழியமும் பிழைப்பும் ஒன்றல்ல. வாடகையும் விசாவும் அந்த வேலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்போது மனநிறைவின் கதையே வேறு.

நான் திருச்சிக்காரன். ஆங்கிலத்தில் முதுகலை, அதன்மேல் கேம்பிரிட்ஜின் செல்டா சான்றிதழ். 120 மணி நேரப் பயிற்சி, அதில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன் நின்று பாடம் நடத்திக் காட்ட வேண்டும். இங்கே ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன். பெரும்பாலும் சீனா, வியட்நாம், மியன்மார் பிள்ளைகள். உள்ளூர் அரசுப் பள்ளியில் சேர ஏஇஐஎஸ் தேர்வு எழுத வந்தவர்கள். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் சோதிப்பார்கள். தேறினாலும் காலியிடம் இருந்தால்தான் இடம். பத்து வயதுப் பிள்ளை அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வருகிறது. அம்மா ஊரில் வேலையை விட்டுவிட்டு, நீண்டகால வருகை அனுமதியில் பிள்ளையோடு இங்கே வாடகை அறையில் இருக்கிறார்.

எனக்குக் கிடைத்த நிறைவு அந்த அம்மாக்களில் ஒருவரிடமிருந்துதான். பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவர், ஒருநாள் கையில் நோட்டுப் புத்தகத்தோடு வாசலில் நின்றார். பள்ளியிலிருந்து வரும் கடிதங்களைத் தானே படிக்க வேண்டும் என்றார். வகுப்பு முடிந்த பின் அரை மணி நேரம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். நிர்வாகம் அதை நிறுத்தச் சொன்னது. கட்டணம் இல்லாமல் கற்பித்தால் மற்றவர்களும் கேட்பார்கள் என்று காரணம் சொன்னார்கள். அடுத்த பருவத்தில் வகுப்பில் மாணவர் எண்ணிக்கையைக் கூட்டினார்கள்; பாடம் தயாரிக்கும் நேரத்துக்குச் சம்பளம் இல்லை என்றார்கள். எம்பிளாய்மென்ட் பாஸ் என்ற வேலைக்கான அனுமதிச்சீட்டு அந்த நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறது. வேறு பள்ளிக்குப் போக வேண்டுமென்றால் அந்தப் பள்ளி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இந்த நிலையில் இருக்கிற ஆசிரியருக்கு வாயைத் திறக்கவே தோன்றாது. கற்பிப்பதில் இருந்த ஆசை எனக்குக் குறையவே இல்லை. அந்த இடத்தில் தொடர முடியவில்லை.

ஆகவே அண்ணன் மகளுக்கு என் யோசனை இதுதான், சகோதரி. நாட்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஒப்பந்தத்தைப் பார்த்து முடிவெடுக்கட்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு, ஒரு வகுப்பில் எத்தனை பேர், பாடம் தயாரிக்கும் நேரம் வேலை நேரத்தில் சேருமா, பாதியில் விலகினால் பணம் கட்ட வேண்டுமா, வீடு பார்த்துக் கொடுப்பது யார், மாணவர்கள் ஆண்டு முழுவதும் அதே ஆசிரியரிடம் இருப்பார்களா அல்லது மாதத்துக்கொரு முறை மாற்றுவார்களா. எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கட்டும். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அந்த இடம் வேண்டாம்.

பாசிர் ரிஸ் வாசகி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு அண்ணனிடம் படித்துக் காட்டினேன். வண்டு கதைக்கு ஒன்றும் பேசவில்லை. சம்பளச் சீட்டு கதையை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்; எங்கள் அப்பாவும் இங்கே வந்த புதிதில் எழுத்து தெரிந்த ஒருவரைத் தேடி அலைந்தவர்தான். போகலாம் என்று இன்னும் சொல்லவில்லை. ஜெட் விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று மட்டும் கேட்டார்.

செங்காங் ஆசிரியை:

வழக்கமாக ஆண்டின் கடைசி சில மாதங்களில் திறப்பார்கள், அக்கா. தேறினால் மறு ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் புறப்பட வேண்டியிருக்கும். சரியான தேதிக்கு ஜப்பானியத் தூதரகத்தின் இணையப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதித் தரப் பேராசிரியர்களை இப்போதே கேட்டு வைக்கட்டும். கடைசி வாரத்தில் அவர்கள் கிடைக்க மாட்டார்கள். நேர்காணலில் பாடம் நடத்திக் காட்டச் சொல்லலாம். நம் ஜூரோங் அண்ணாவின் ஞாயிறு வகுப்புக்கு அவளைச் சில வாரம் அனுப்பி வைத்தால் அதற்கும் பழகிவிடுவாள். அண்ணா, உங்களுக்குச் சம்மதமா?

ஜூரோங் வெஸ்ட் தொண்டூழியர்:

தாராளமாக வரட்டும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் தொடங்குகிறோம்.