செப்பாங்கில் ஜிடி-ஆரும் கேமனும்: நாலாவது சுற்றில் பிரேக் எங்கே போனது?

மூன்றாம் கியர், கிள்ளான்:

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை செப்பாங் கார்ப் பந்தய டிராக்கில் இரண்டு கார்களை ஓட்டும் வாய்ப்புக் கிடைத்தது. ஒன்று அத்தானுடைய நிசான் ஜிடி-ஆர், 2017 மாடல். மற்றது அவருடைய நண்பரின் போர்ஷே 718 கேமன் ஜிடி4, மேனுவல் கியர். என் சொந்த வாகனம் ஒரு பழைய மைவி, சின்னக் கார். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், யாரும் என்னைப் பெரிய ஓட்டுநர் என்று நினைத்துவிடக் கூடாது.

கணக்குப்படி ஜிடி-ஆருக்கு 570 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய 1,750 கிலோ. கேமனுக்கு 420, எடை 1,420. அதனால் முதலில் ஜிடி-ஆரில் ஏறினேன்.

முதல் இரண்டு சுற்றும் சொர்க்கம். இரண்டாவது வளைவைவிட்டு வெளியே வரும்போது ஸ்டீயரிங் இன்னும் நேராகவில்லை, நான் பாட்டுக்கு ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன். என் தப்பையெல்லாம் நாலு சக்கரமும் பங்கு போட்டுக்கொண்டு காரை இழுத்துக்கொண்டு போய்விட்டன. நேர்ப்பாதை முடிவில் மணிக்கு 240 கிலோமீட்டரைத் தொட்டது. இரண்டாவது சுற்று 2 நிமிடம் 36 விநாடி.

மூன்றாவது சுற்றிலேயே பிரேக் பெடல் கொஞ்சம் இறங்கியது. நாலாவதில், பின் நேர்ப்பாதை முடியும் 15ஆம் வளைவில் அழுத்திப் பிடித்தேன், சமாளித்தது. மறுபடி மெயின் நேர்ப்பாதை. முதல் வளைவுக்கு முன்னால் மிதித்தால், கால் பஞ்சு மூட்டைக்குள் போவதுபோல் உள்ளே போகிறது. இரண்டாம் தடவை மிதித்த பிறகுதான் பிடித்தது. வளைவைவிட்டு வெளியே ஓடி, கார் நிறுத்தும் பிட்டுக்குத் திரும்பியபோது சட்டை பிழியும் அளவுக்கு வியர்வை. செப்பாங் வெயில் என்று அத்தானிடம் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் கேமன். நேர்ப்பாதையில் 225தான். ஆனால் 5, 6ஆம் வளைவுகளில் முன்சக்கரம் எங்கே இருக்கிறது என்று உள்ளங்கைக்கே தெரிந்தது. ஜிடி-ஆரில் அதே இடத்தில் மூக்கு வெளியே வெளியே போய்க்கொண்டிருந்தது. எட்டாயிரம் சுழற்சி வரை அந்த எஞ்சின் போடும் சத்தத்தை எழுத எனக்கு வராது. நேரம்: 2:38, 2:37, 2:37, மறுபடி 2:37. கடைசிச் சுற்றிலும் பெடல் முதல் சுற்றில் இருந்த இடத்திலேயே இருந்தது.

அத்தான் இப்போது ஜிடி-ஆரை விற்றுவிட்டு கேமன் எடுக்கலாமா என்கிறார். கோளாறு காரிலா, எடையிலா, என் காலிலா?

பட்டறைக்காரன்:

தம்பி, காரை விற்பது இருக்கட்டும். பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது?

பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்து கார் நிற்காவிட்டால், டிஸ்க்கைக் கவ்வும் பேட் சூடேறி வழுக்குகிறது. பஞ்சு மாதிரி உள்ளே போனால் ஆயில் கொதித்துவிட்டது. கொதித்தால் ஆவிக் குமிழி, குமிழியை எவ்வளவு அமுக்கினாலும் பிஸ்டன் நகராது. நீ சொல்வது இரண்டாவது ரகம்.

டாட் 4 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும். காற்றிலிருந்து ஈரம் இழுத்துவிட்டால் அந்தக் கணக்கு 155க்கு இறங்கிவிடும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்?

எடையும் சும்மா இல்லை. 1,750 கிலோவை 240லிருந்து 70க்குக் கொண்டுவர சுமார் 35 லட்சம் ஜூல் சக்தியைச் சூடாக்கி விட வேண்டும். கேமன் 225லிருந்து வந்தால் சுமார் 25 லட்சம். ஆனால் முன் டிஸ்க் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு, 390 மில்லிமீட்டரும் 380ம். ஒரே சட்டியில் ஒன்றரைப் பங்கு குழம்பு காய்ச்சுகிற கதை. அதுவும் செப்பாங்கில் 15ஆம் வளைவும் முதல் வளைவும் அடுத்தடுத்து வருகின்றன, நடுவில் ஆற நேரம் இல்லை.

டிராக்குக்கென்று விற்கும் 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ஆயிலை ஊற்று. முழுசாக வடித்து மாற்று, மேலே கொஞ்சம் விடுகிற வேலை வேண்டாம்.

மழைக்காலம்:

ஜிடி-ஆர் வைத்திருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்ததும் அந்தக் கேமன்காரர் என்ன செய்தார்? பார்த்தீர்களா? 2009இல் ஃபார்முலா 1 பந்தயத்தையே மழையால் பாதியில் நிறுத்தி, பாதிப் புள்ளி கொடுத்த இடம் இது. காய்ந்த டிராக்குக்கென்றே செய்த அந்தக் கப் 2 டயரோடு தேங்கிய தண்ணீரில் போய்ப் பாருங்கள், அப்புறம் விற்பதைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்று, ஜிடி-ஆரின் நடுத் திரையில் கியர் ஆயில் சூடு தெரியும். அந்தத் திரையை வடிவமைத்தது கிரான் டூரிஸ்மோ விளையாட்டைச் செய்தவர்கள்தான். அழகாக இருக்கிறதென்று வைக்கவில்லை, பார்க்கத்தான் வைத்திருக்கிறார்கள். இரண்டு சுற்று வேகம், ஒரு சுற்று ஆறவிடு. இதுதான் என் வழக்கம்.

பழைய ஓட்டுநர்:

பட்டறைக்காரர் சொன்னது சரி. ஆனால் காலையும் விட்டுவிட முடியாது. தம்பி 240லிருந்து எவ்வளவு தூரம் பிரேக்கை இழுத்துக்கொண்டே வந்தார் என்பது முக்கியம். புதிதாக வருபவர்கள் பயந்து சீக்கிரமே லேசாக மிதித்து, நெடுநேரம் பிடித்திருப்பார்கள். டிஸ்க் வெந்துபோகும். ஓங்கி ஒரே மிதி, சீக்கிரம் விடு.

14ஆம் வளைவைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே? திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்கிற அந்த இடத்தில்தான், கேமன் மாதிரி இருக்கைக்குப் பின்னால் எஞ்சின் வைத்த நடு எஞ்சின் கார் யார் என்று தெரியும். கேமனின் இரண்டாம் கியர் வேறு 130ஐத் தாண்டிப் போகும், மெதுவான வளைவில் எஞ்சின் தூங்கும். அதையெல்லாம் அனுபவித்தீர்களா, இல்லை சத்தத்தில் மயங்கிவிட்டீர்களா?

மூன்றாம் கியர், கிள்ளான்:

அண்ணே, மயங்கினேன், ஒப்புக்கொள்கிறேன். 14இல் மூன்றாவது சுற்றில் பயந்து காலை எடுத்தேன். பின்புறம் லேசாக நகர்ந்தது, யாரோ தோளைத் தொட்டதுபோல. அப்புறம் அங்கே காலை எடுக்கவே இல்லை. 9ஆம் வளைவில் நீங்கள் சொன்ன தூக்கமும் உண்மை. மழை மூன்றரைக்கு வந்தது, கேமன் அதற்கு முன்பே லாரியில் ஏறிவிட்டது.

நேற்று அத்தான் வீட்டில் பிரேக் ஆயிலை வடித்தோம். கோப்பி-ஓ, அதாவது பால் விடாத காப்பி நிறத்தில் வந்தது. எப்போது மாற்றியது என்று கேட்டேன். “வாங்கும்போது மாற்றித்தானே கொடுத்திருப்பார்கள்” என்றார். வாங்கி மூன்று வருடம். பக்கத்தில் நின்ற அக்கா சிரித்துவிட்டார். அதற்குமேல் விற்கிற பேச்சை அவர் எடுக்கவில்லை.

மழைக்காலம் அண்ணே, ஆறவிடும் சுற்றில் எத்தனையாவது கியரில் போவீர்கள்? அடுத்த மாதம் 19ஆம் தேதி மறுபடி போகிறோம்.