பொன்னியின் செல்வன்: படம் பார்த்த பிறகு நாவல் அலுக்குமா?

கிளிநொச்சிப் பிள்ளை:
மணிரத்னத்தின் 2 படங்களையும் பார்த்தாச்சு. கதை தெரிந்த பிறகு கல்கியின் நாவலை எடுத்தால் அலுக்குமா? 5 பாகம், தலையணை மாதிரி இருக்கிறது.

மாங்குளத்தான்:
அலுக்காது பிள்ளை. 1950இல் தொடங்கி வாராவாரம் வந்த தொடர்கதை, அதனால் அத்தியாயம் முடியும் இடமெல்லாம் அடுத்ததைப் புரட்ட வைக்கும். இரண்டாம் பாகத்தில் மாதோட்டம் வரும், எங்கட மன்னார்ப் பக்கம்தான். அங்கிருந்து கதாநாயகன் வந்தியத்தேவன் காட்டு வழியே தம்பள்ளை, அதாவது இன்றைய தம்புள்ளை, போவதைப் புத்தகத்தில்தான் ஆறுதலாக அனுபவிக்கலாம்.

முறிகண்டிக்காரி:
படத்தில் மணிமேகலையே இல்லை! கந்தமாறனின் தங்கச்சி, வந்தியத்தேவனில் உயிரையே வைத்திருந்தவள். அவளைத் தூக்கியதை மன்னிக்கமாட்டேன். ஆனால் நந்தினி என்றால் இப்போது ஐஸ்வர்யா ராயின் முகம்தான் வருகிறது.

மாங்குளத்தான்:
அந்த முகம் மறக்க வேணுமென்றால், தொடர்கதைக்கு அப்போதே படம் வரைந்த ஓவியர் மணியத்தின் ஓவியங்கள் உள்ள பதிப்பைத் தேடி எடுங்கோ.