பழைய தட்டோட்டின் மேல் வெப்பத்தடுப்புப் பலகை: அனுபவமுள்ளோர் உதவவும்

ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணியில், 1996இல் கட்டிய எங்கள் வீட்டின் மாடி அறையில், வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் கான்கிரீட் கூரை பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை நள்ளிரவு வரை கீழே இறக்குவதால், 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி ஓய்வின்றி ஓடியும் அறை 29 டிகிரிக்குக் கீழே குளிர்வதில்லை. அங்கேயே படுத்திருக்கும் என் தாயாருக்கு இது பெரும் வேதனையாக உள்ளது. ஏசியைச் சர்வீஸ் செய்து, கேஸ் அளவையும் சரிபார்த்தோம். சன்னல் இடுக்குகளை அடைத்தோம். மேற்குச் சன்னலுக்கு வெளியே கட்டிய மூங்கில் தட்டியால் மாலையில் மட்டும் ஓரளவு பலன் தெரிந்தது. சென்ற ஆண்டு மொட்டைமாடியில் அடித்த வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட், தூசி படிந்து மங்கியதும் பயன் தரவில்லை.

கூரைமீது செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளமும் அதன்மேல் தட்டோடும் உள்ளன, நீர்க்கசிவு இல்லை. இவற்றைப் பெயர்க்காமல், 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் பலகையை (வெப்பத்தைத் தடுக்கும் கெட்டியான நுரைப் பலகை) பரப்பி அதன்மேல் வெள்ளை ஓடு பதித்தால், கூடுதல் சுமையை ஐந்து அங்குலக் கான்கிரீட் கூரை தாங்குமா?